இரண்டாம் தண்ணீர்

அம்மா இறந்த வருஷத்தை நினைத்தால் எனக்கு முதலில் கண்ணில் நிற்பது ஒரு செடி. வந்துபோன முகங்கள், அழுதவர்கள், ஜெபம் சொன்னவர்கள் எல்லோரும் கலங்கிய தண்ணீருக்குள் தெரிவதுபோல மங்கலாகத்தான் தெரிகிறார்கள். செடி மட்டும் பளிச்சென்று இருக்கிறது. அதன் எந்த இலை எந்த வாரம் மஞ்சளானது என்று இப்போதும் சொல்லிவிடுவேன். அம்மா கடைசியாக என்னிடம் என்ன பேசினாள் என்று கேட்டால் தெரியாது. இதில் எனக்கு என்மேலேயே கொஞ்சம் கோபம் உண்டு.

அது இரண்டாயிரத்து ஏழு. காரைக்காலில், மாதா கோயில் மணி கேட்கிற தூரத்தில் எங்கள் வீடு. எனக்கு முப்பத்தொரு வயது. கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் எழுத்தர் வேலை. கல்யாணம் ஆகவில்லை, அதைப் பற்றி ஊர் பேசியதே போதும், நான் வேறு பேசவேண்டாம். அப்பா முப்பத்தைந்து வருஷம் ஒரு நொத்தேரிடம், அதாவது சொத்துப் பத்திரம் முடித்துக் கொடுப்பவரிடம், குமாஸ்தாவாக இருந்து பத்திரம் பத்திரமாக எழுதித் தள்ளியவர். பிரெஞ்சுக்காரன் போய் எத்தனையோ வருஷம் ஆகியும் நொத்தேர் என்ற பேர் மட்டும் எங்கள் ஊரை விட்டுப் போகவில்லை. ஊரில் இருக்கிற பாதி மனைகளின் நான்கெல்லையும் அப்பாவுக்குத் தலைகீழ்ப் பாடம். சொந்த மொட்டைமாடியில் என்ன செடி இருக்கிறது என்று மட்டும் அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. நான் துணி காயப்போட மட்டும் மேலே போகிறவள்.

மாடி முழுக்க அம்மாவின் ராஜ்யம். ரோஜா, கறிவேப்பிலை, கற்பூரவல்லி, அப்புறம் ஒரு பெரிய சிமெண்டுத் தொட்டி. அந்தத் தொட்டி செண்டுப்பூவுக்கு என்று ஒதுக்கியது. நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்குத் தன் அப்பா அம்மா கல்லறையில் வைக்க, அம்மா வருஷா வருஷம் அவளே பூ வளர்ப்பாள். பூக்கடையில் வாங்கினால் என்ன என்று ஒருதரம் கேட்டதற்கு, "காசு குடுத்து வாங்குன பூவுல நம்ம கை எங்க இருக்கு?" என்றாள். தொட்டிக்கு மேலே கம்பியில் லவ்பேர்ட்ஸ் கூண்டு ஒன்று தொங்கியது. பிரான்ஸில் இருக்கும் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, வரும்போதெல்லாம் சீஸும் சென்ட் பாட்டிலும் சாக்லேட்டும் கொண்டுவருவார். அந்த வருஷம் வந்தபோது பறவைகளையும் விட்டுவைக்காமல், அதுகளுக்கு என்று ஒரு பை தீனி கொண்டுவந்திருந்தார். உள்ளூர் தினையைத் தின்று வளர்ந்த பறவைகள் அந்த வெளிநாட்டுத் தீனியைத் தின்றது கொஞ்சம், இறைத்தது நிறைய.

ஜூலையில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், போன வருஷத்துக் காய்ந்த பூவை உள்ளங்கையில் கசக்கி அம்மா அந்தத் தொட்டியில் தூவினாள். திங்கட்கிழமை விடியற்காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், எழுந்திருக்கவில்லை.

முப்பதாம் நாள் பூசை வரைக்கும் வீட்டில் கவுச்சி இல்லை. அப்பா கோயிலுக்குப் போவதைத் தவிர வாசலைத் தாண்டவில்லை. லவ்பேர்ட்ஸ் சத்தம் தாங்கவில்லை என்று கூண்டைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். நான் அலுவலகத்திலிருந்து வரும்போது மாடியில் வெறும் கம்பிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். கடல்காற்று உப்பும் ஈரமுமாக வந்து முகத்தில் படியும். வெயில் சாய்கிற நேரத்தில் சுவர், தொட்டி, அப்பாவின் வெள்ளைச் சட்டை எல்லாம் ஒரே நிறமாகிவிடும். அந்த நாற்காலியில் நானும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றாது. தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. கீழே அம்மா பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்பதுபோலவே இருக்கும்.

அப்படி ஒரு சாயங்காலம் அப்பா என் கையைப் பிடித்து இழுத்துத் தொட்டியைக் காட்டினார். ஒரே ஒரு நாற்று முளைத்திருந்தது. "உங்கம்மா வெதச்சது" என்றார். அம்மா போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். நவம்பரில் இந்தப் பூ அவளுக்கே போகும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டார். அவள் கையால் விதைத்த பூ அவள் கல்லறைக்கு. அதற்குப் பிறகு அவர் சாப்பிட்டது, தூங்கியது, எழுந்தது எல்லாம் அந்த ஒரு தேதிக்காகத்தான்.

முப்பது முடிந்ததும் பட்டினச்சேரியிலிருந்து கூடை தூக்கி வரும் மீன்காரியிடம் அப்பாவே மீன் வாங்க ஆரம்பித்தார். என் மீன்குழம்பு அவருக்குத் தொண்டையில் இறங்கவில்லை. வாய்விட்டுச் சொல்லவில்லை, தட்டில் சோற்றைத் தள்ளித் தள்ளி வைத்ததில் தெரிந்தது. நான் அலுவலகம் கிளம்பிய பிறகு அவரே உரசி, ஆய்ந்து, குழம்பு வைத்துவிடுவார். மீன் கழுவின தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவது அம்மாவின் வழக்கம். எங்கள் பக்கத்தில் ரோஜா வைத்திருக்கும் எந்த வீட்டிலும் அதுதான் வழக்கம். மற்றதை எல்லாம் மறந்தாலும் அப்பா அதை மறக்கவில்லை. தினமும் வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறி, முழுவதையும் அந்த ஒரு தொட்டிக்கே ஊற்றினார்.

செடி வளர்ந்தது. ஒவ்வொரு இலையும் விரல்களை விரித்த கை மாதிரி. ஆனால் ஆகஸ்ட் கடைசியில் கீழ் இலைகளின் நுனி பழுப்பாகி, ஓரத்தில் மஞ்சள் ஏறத் தொடங்கியது. அப்பா ஒரு நோட்டு வாங்கினார். முப்பத்தைந்து வருஷப் பழக்கம் விடுமா? "மேற்படி தொட்டியில் கண்ட செடியின் வடபுறக் கிளையில் கீழிருந்து நான்காவது இலை, நுனி மட்டும் பழுப்பு. ஐந்தாவது இலை, ஓரம் மஞ்சள். ஆறாவது இலை, வில்லங்கம் ஏதும் இல்லை." இப்படித் தேதி போட்டுத் தினமும் எழுதினார். படித்துவிட்டு நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அதற்குள் வேளாங்கண்ணியில் கொடி ஏறிவிட்டது. மாதா திருநாள் முடிகிற செப்டம்பர் எட்டு வரைக்கும் எங்கள் வீட்டில் மறுபடி கவுச்சி கிடையாது. அந்தப் பத்து நாளில் செடிக்கு உயிர் வந்தது. புதிதாக விட்ட இலைகள் நல்ல பச்சையாக, நுனி கருகாமல் வந்தன. மாதா காப்பாற்றிவிட்டாள் என்று அப்பா கோயிலுக்கு ஒரு மெழுகுவர்த்தி கட்டே வாங்கிக் கொடுத்தார். மாதாவைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் திருநாள் முடிந்த இரண்டே வாரத்தில் அந்தப் பச்சை இலைகளும் ஓரத்தில் மஞ்சளாகிவிட்டன. செண்டுப்பூ பூக்க வேண்டிய காலமும் வந்தாயிற்று. ஒரு மொட்டைக் காணோம்.

அப்போதுதான் அப்பா வீட்டை விட்டு வெளியே கிளம்பினார். ஒரு இலையைக் கிள்ளி, பழைய கவரில் வைத்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வைத்தியம் கேட்கப் புறப்பட்டார். போலீஸ் ஸ்டேஷனைத் தாண்டித்தான் கடைத்தெருவுக்குப் போகவேண்டும். தினமும் அந்த வாசலில் நிற்கும் போலீஸ்காரருக்கு ஒரு வணக்கம் வேறு வைத்துவிட்டுப் போவார். தள்ளுவண்டியில் செடி விற்கிறவர் இலையைப் பார்த்தார், அப்பாவின் முகத்தைப் பார்த்தார், தண்ணீரைக் குறைத்து ஊற்றுங்கள் என்று சொல்லிவிட்டு வண்டியை வேகமாகத் தள்ளிக்கொண்டு போய்விட்டாராம். பக்கத்து வீட்டில் திருஷ்டி என்றார்கள். உரக்கடைக்காரர்தான் பொறுமையாகக் கேள்வி கேட்டார். கீழ் இலை முழுசாக வெளுத்தால் தழைச்சத்து போதவில்லை. மேலே குருத்தில் நரம்பு மட்டும் பச்சையாக நின்று மற்றது மஞ்சளானால் இரும்புச்சத்து. தொட்டியின் ஓட்டை அடைத்துத் தண்ணீர் தேங்கினால் வேர் மூச்சு முட்டி எல்லா இலையும் தொங்கும். நுனியும் ஓரமும் கருகினால் உப்பு. போர் தண்ணீரா ஊற்றுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. குடிக்கிற குழாய்த் தண்ணீரைத்தான் ஊற்றுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

எனக்கு அந்த நோய்மேல் உள்ளூர நன்றி இருந்தது. அப்பா சவரம் செய்துகொண்டார். நாலு பேரிடம் பேசினார். சாயங்காலம் வந்து இன்னார் இன்னது சொன்னார் என்று என்னிடம் ஒப்பித்தார். செடி குணமானாலும் பயம், ஆகாவிட்டாலும் பயம் என்று இருந்தேன்.

அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து, மாடியில் அந்த நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மதிய வெயில். எங்கோ ஒரு ரேடியோ. கண் சொக்கியது. அரைத்தூக்கத்தில் செடியைக் கீழிருந்து மேலே பார்த்துக்கொண்டே போனேன். அடியில் கருகிய இலைகள், நடுவில் கொஞ்சம் தேவலாம் என்று ஒரு அடுக்கு, மேலே மறுபடி கருகல். கோயில் காலண்டரை எடுத்துவந்து நோட்டோடு ஒட்டிப் பார்த்தேன். கருகல் இல்லாத அடுக்கு முளைத்த தேதிகள் எல்லாம் மாதாவின் பத்து நாட்கள். அந்தப் பத்து நாளில் வீட்டில் வேறு என்ன மாறியது? வெயில் அதேதான், குழாய் அதேதான். மீன் மட்டும்தான் இல்லை.

கீழே இறங்கிப் போனேன். அப்பா முற்றத்தில் உட்கார்ந்து கிழங்கான் மீனைக் கல் உப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். வழவழப்பும் வாடையும் போக எல்லோரும் தேய்க்கிறதுதான். ஆனால் அவர் போட்ட உப்பு ஒரு கைப்பிடி அல்ல, இரண்டு. நுரை கட்டிய அந்தச் சாம்பல் நிறத் தண்ணீரை வாளியில் ஊற்றி எடுத்துக்கொண்டு படியேற எழுந்தார்.

"அப்பா, அது மொதத் தண்ணிப்பா."

"அதுலதானம்மா சத்தெல்லாம் இருக்கு."

"அம்மா மொதத் தண்ணிய சாக்கடையிலதான் ஊத்தும். ரெண்டாந் தண்ணிதான் செடிக்கு."

அப்பா வாளியைக் கீழே வைத்தார். உப்பில்லாமல் அலசிய இரண்டாவது தண்ணீரை அம்மா தனியாக ஒரு நசுங்கிய அலுமினியக் குண்டானில் பிடித்து வைப்பாள். சின்ன வயதிலிருந்து நான் பார்த்த காட்சி அது. பார்த்திருக்கிறேனே தவிர அதைப் பற்றி ஒருநாளும் நினைத்ததில்லை.

"எங்கிட்ட அவ சொல்லவே இல்லியேம்மா" என்றார்.

கேட்டால்தானே சொல்வாள் என்று என் வாய் வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன். ரெண்டு மாசமாக அதற்கு உப்பு போட்டுக் கொன்றுகொண்டிருந்தது தான்தானா என்று அவர் தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே தொட்டியின் அடியில் செங்கல் கொடுத்து உயர்த்தி, ஓட்டையைக் குச்சியால் குத்தித் திறந்தோம். குழாய்த் தண்ணீரைக் குடம் குடமாக நான் தூக்கிவர, அப்பா நிதானமாக ஊற்றினார். அடியில் ஒழுகியதை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். முதலில் கடல்தண்ணீர் மாதிரி கரித்தது. கரிப்பு போகும் வரைக்கும் ஊற்றினோம். மூன்று நாள் விட்டு மறுபடி ஊற்றினோம். கருகிய இலைகள் பச்சையாகவில்லை, அவை உதிர்ந்தன. புதிதாக வந்தவை அப்படி ஒரு பச்சை. இரண்டு வாரத்தில் செடி என் தோள் உயரத்துக்கு வந்துவிட்டது. நோட்டில் வரிசையாக, வில்லங்கம் இல்லை, வில்லங்கம் இல்லை.

அந்த அக்டோபர் சாயங்காலங்கள்தான் எனக்குச் சொர்க்கம். மழை இன்னும் இறங்கவில்லை. மேகம் கடல் பக்கமிருந்து எழுந்து மெதுவாக மேலே வந்து நிற்கும். செடியிலிருந்து, வெட்டிய புல்லும் பிசினும் கலந்தது போன்ற ஒரு கனத்த வாசனை வரும். அப்பா நாற்காலியைச் செடிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு தணிந்த குரலில் அதனோடு பேசிக்கொண்டிருப்பார். இன்றைக்கு யார் வந்தார்கள், குழம்பில் புளி தூக்கலாகப் போய்விட்டது, இவளுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. படியில் நின்று நான் கேட்டுக்கொண்டிருப்பேன். மேலே போகமாட்டேன். புருஷன் பெண்டாட்டி பேச்சில் எனக்கென்ன வேலை? ஒருநாள் அவர் ஓடிவந்து சொன்னார், கணுவுக்குக் கணு பச்சையாக மொட்டு வைத்துவிட்டது என்று. கல்லறைத் திருநாளுக்கு இன்னும் பதினைந்து நாள் இருந்தது.

மறுநாள் அந்த உரக்கடைக்காரர் தன் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்காக எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். காகிதத்தை வாங்கிக்கொண்ட பிறகும் போகாமல் நின்றார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ஐயா கொண்டாந்து காட்டுனது செண்டுப்பூ இல்லீங்க."

"பின்ன?"

அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "கஞ்சா" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோனது. மூன்று தடவை வந்தாராம் அப்பா. ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடத்தான் நினைப்பாராம். "எங்க வீட்டுக்காரி வெதச்சது, அவளுக்கே வைக்கணும்னு சொல்றாருக்கா. எனக்கு வாய் வரல. சரி, கேட்டதுக்கு வைத்தியமாவது சொல்லுவோம்னு சொன்னேன்" என்றார்.

அப்படியென்றால் தள்ளுவண்டிக்காரருக்கும் தெரிந்திருக்கிறது. இன்னும் எத்தனை பேருக்குத் தெரியுமோ. நொத்தேர் வீட்டுக் குமாஸ்தா கஞ்சா இலையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போலீஸ்காரருக்கு வணக்கம் சொன்னதை ஊர் பார்த்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் விட்டிருக்கிறது. எனக்கு அவமானமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. அன்று ராத்திரி மாமாவுக்கு ஃபோன் போட்டுக் கத்தினேன். பறவைத் தீனியில் அந்த விதையும் கலந்திருக்கும், அங்கே எல்லாக் கடையிலும் விற்கிறதுதான் என்று அவர் சாவதானமாகச் சொன்னார். லவ்பேர்ட்ஸ் கூண்டிலிருந்து விழுந்தது முளைத்திருக்கிறது. அம்மா தூவியது முளைக்கவே இல்லை.

எட்டு நாள் சொல்லாமல் இருந்தேன். யாராவது ஒருவர் போய்ச் சொன்னால் போதும், அறுபத்தாறு வயதில் அப்பா ஸ்டேஷன் பெஞ்சில் உட்காரவேண்டியதுதான். அது தெரிந்தும் நாக்கு எழவில்லை. அவர் இல்லாத நேரத்தில் பிடுங்கிப் போட்டுவிட்டு ஆடு தின்றுவிட்டது என்று சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். மொட்டைமாடிக்கு எந்த ஆடு ஏறும்? கடைசியில் ஒரு சாயங்காலம், கோயிலில் ஆறு மணி அடிக்கும்போது, போய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பறவைத் தீனி, உரக்கடைக்காரர், செடியின் பேர்.

மணி அடித்து ஓய்ந்தது. அப்பா செடியைப் பார்த்தபடியே சொன்னார். "மூணு மாசமா யாருகிட்டயோ பேசிக்கிட்டு இருந்திருக்கேன்."

அந்தக் குரலை நான் மறக்கமாட்டேன். அம்மாவைப் புதைத்த அன்றுகூட அவர் அப்படிப் பேசவில்லை.

அவரே எழுந்து இரண்டு கையாலும் பிடுங்கினார். வேரில் ஒட்டிய மண்ணைத் தட்டித் தட்டி, ஒரு பிடிகூடக் கீழே சிந்தாமல் தொட்டியிலேயே உதிர்த்தார். கொல்லையில் குழி தோண்டி, செடியை மடக்கி வைத்து மூடினோம். அந்த வருஷத்தில் நாங்கள் மண் தள்ளியது அது இரண்டாவது தடவை. நோட்டில் அன்றைய தேதிக்கு, "மேற்படி செடி அகற்றப்பட்டது" என்று மட்டும் எழுதியிருந்தது.

கல்லறைத் திருநாளன்று நான் கடையில் செண்டுப்பூ வாங்கினேன். அம்மா இருந்தால் திட்டியிருப்பாள். கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுவர்த்தியும் சாம்பிராணியும் ஜனமும். அம்மாவின் குழி இன்னும் சிமெண்டு பூசாத மண்மேடுதான். அப்பா கனமான ஒரு துணிப்பையைத் தூக்கி வந்திருந்தார். அரிசி மூட்டை மாதிரி இருக்கிறதே என்று பார்த்தேன். பையைக் கவிழ்த்தார். தொட்டி மண்.

"அவ கை கடைசியா பட்டது இதுலதானம்மா" என்று சொல்லிவிட்டு, மண்ணை மேட்டின்மேல் உள்ளங்கையால் பரப்பினார். கடைப் பூவை அதன்மேல் வைக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. சிலுவைக்கடியில் வைத்தேன்.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வெயில் எட்டிப்பார்த்ததும் இருவரும் போனோம். மேட்டின்மேல் ஏழெட்டு நாற்றுகள் முளைத்திருந்தன. நான் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மூன்று மாதப் படிப்பு வீண்போகவில்லை. இரண்டு நாற்று மாமாவின் சரக்கு; அப்பா கண்ணை மூடி ஜெபம் சொல்லும்போது அவற்றைப் பிடுங்கிக் கைக்குட்டையில் சுருட்டி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். சில வெறும் புல். மூன்றில் மட்டும் இலை சின்னச் சீப்பு மாதிரி பிரிந்திருந்தது. கசக்கி முகர்ந்தேன். அம்மாவின் உள்ளங்கை வாசனை. செண்டுப்பூவேதான்.

அப்பாவிடம் காட்டினேன். அவர் பையிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்தார். குப்பென்று மீன்வாடை அடித்தது. பக்கத்துக் கல்லறையில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கும் முகம் மாறியிருக்கவேண்டும். அப்பா பாட்டிலைச் சாய்க்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"ரெண்டாந் தண்ணிதாம்மா."